தோட்டமும் தொட்டிலும்

நம் தோட்டப் பகுதிகளில் மணவீடாயினும் இழவு வீடாயினும், முதியோர் நால்வர் ஒருங்கு கூடிய இடத்தில் தவறாது எழும் பேச்சு ஒன்றுண்டு. "அந்தக் காலத்திலே குடும்பம் குடும்பமாக இருந்தது; இந்தக் காலத்துப் பெண்டுகள் சம்பளத்தின் பின்னே ஓடிப் பிள்ளைகளை எவர் கையிலோ ஒப்படைத்து விடுகிறார்கள்" என்பதே அப்பேச்சு. சிரம்பானிலும் ரந்தாவிலும் லாபுவிலும் பகாவிலும் இதனை நாம் கேட்டிருக்கிறோம்; பெரியோர் முன்னிலையில் மறுத்துரைத்தல் மரியாதையன்று என்றெண்ணித் தலையசைத்தும் இருக்கிறோம். ஆனால் கிராணித் தொழிலில் ஈடுபட்டோர்க்கு ஒரு பழக்கம் படிந்து விடுகிறது. எவர் எதனைக் கூறினும், அது எந்தத் தேதியில், எந்தப் பதிவில் உள்ளது என்று உள்ளம் வினவுகிறது. ஆதலின், முதியோர் கூறும் "அந்தக் காலம்" எக்காலம், அக்காலத்தில் வேலை எங்கே முடிந்து குடும்பம் எங்கே தொடங்கிற்று என்பதை இயன்ற அளவு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இன்று சிரம்பானும் அதன் சுற்றுப்புறமுமாக வழங்கும் பகுதி, முன்னர் சுங்கை ஊஜோங் எனப் பெயர் பெற்றிருந்தது. ஈயமும் காப்பியும் அங்கே வெள்ளையர் மூலதனத்தை ஈர்த்தன. சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே 1891-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1877-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள், ரிட்லி என்னும் தாவர நூலறிஞரின் விடாப்பிடியினாலே, அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் காப்பிக்கு வாரிசாகி இம்மண்ணைத் தமதாக்கிக் கொண்டன. மரம் வந்தபின் மரத்தைச் சீவக் கைகள் வேண்டுமன்றோ? அக்கைகளைத் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கப்பலேற்றினர்.

ஏற்றப்பட்டவர்களிற் பெரும்பாலோர் தனி ஆடவர். 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது இந்நாட்டு இந்தியருள் ஆயிரம் ஆடவர்க்கு ஏறத்தாழ முந்நூறு பெண்டிரே இருந்தனர். எனவே "குடும்பம் குடும்பமாக" இருந்த காலம் இதுவாக இருத்தல் இயலாது. குடும்பம் நாகப்பட்டினத்துக்கு அப்பால், ஒரு குடிசையில், மணியார்டரை எதிர்பார்த்து அமர்ந்திருந்தது. மூன்றாண்டு என்று சொல்லிப் புறப்பட்டவன் முப்பதாண்டு கழிந்தும் திரும்பாதிருந்ததும், அவன் விட்டுவந்த மனைவி தாலியோடு கைம்பெண்ணாய் வாழ்ந்ததும் நம்மில் எத்தனையோ வீட்டுக் கதை. அப்பெண்ணைப் பற்றி இந்நாட்டுப் பதிவேடு எதிலும் ஒரு வரி இல்லை. வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே கடலைக் கொண்டு பிரிவினை செய்துகொண்ட தலைமுறை அது.

ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1907-இல், தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை நிறுவி, தோட்டங்களிடம் தண்டிய பணத்தைக் கொண்டு கங்காணிமார் வாயிலாக ஆள் திரட்டும் முறையை வலுப்படுத்தியிருந்தனர். கங்காணி தன் ஊருக்குச் சென்று, தன் உறவினரையும் தன் சேரியாரையும் அழைத்து வந்தான். இம்முறையிலேதான் பெண்டிரும் பிள்ளைகளும் மிகுதியாக வரலாயினர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் முன்பே கண்ட வழி இது. துரைமாருக்குக் குடும்பத்தின்மீது திடீரென்று அன்பு பிறந்துவிட்டது என்று கருதுதல் வேண்டா. தனியாள் ஓடிப்போவான், பெண்டு பிள்ளையுள்ளவன் ஓடமாட்டான். மனைவியும் ஓர் ஆள். அவளுக்குக் கணவனைவிடக் குறைந்த கூலி. பிள்ளைகள் இன்றைக்கு அரையாள், நாளைக்கு முழுவாள். கப்பற் செலவில்லாமலே வளர்ந்து நிற்கும் ஆட்கள். இக்கணக்கில் பிழையொன்றும் இல்லை. கணக்கர் என்ற முறையில் நாம் அதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, முதியோர் நெஞ்சில் நிற்கும் "அந்தக் காலம்" பெரும்பாலும் இதற்குப் பிந்திய லயத்துக் காலமே. அதில் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதை நிதானமாகப் பார்த்தல் வேண்டும்.

ரப்பர் மரம் விடியுமுன்னர்ச் சீவப்பட வேண்டும். வெயில் ஏறுமுன் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போதுதான் பால் தாராளமாக வடியும். வெயில் ஏற ஏற வடிதல் குறையும். ஆகவே தோட்டத்துக் கடிகாரத்தை வைத்தது மரமே என்று சொல்லலாம். நான்கு மணிக்குமேல் பெண் எழுந்திருக்கவேண்டும். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறையின் முன்னே விறகடுப்பை மூட்டி, கஞ்சியோ தோசையோ ஆக்கி, வேலைக்காட்டுக்குக் கட்டிக்கொண்டு, பெரட்டு மணி அடிக்குமுன் கைக்குழந்தையைப் போர்வையிற் சுற்றி ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிச் செல்லவேண்டும். அக்கொட்டகையில் உத்திரத்திலிருந்து வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். மரம் சீவ வலுவிழந்த மூதாட்டி ஒருத்தியோ இருவரோ அத்தனை குழந்தைகளுக்கும் காவல். இருட்டிலே கொண்டுவந்து கிடத்தப்பட்ட குழந்தை, தாய் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் காண்பது நண்பகலுக்குப் பின்னரே.

பெரட்டில் பேர் கொடுத்தபின் ஆடவரும் பெண்டிரும் தத்தம் நிரைக்குச் செல்வர். ஒருவர்க்கு முந்நூறு நானூறு மரங்கள். உளியைக் கொண்டு பட்டையை ஒரு நாணயத்தின் கனத்துக்குமேற் போகாமல் சீவவேண்டும். ஆழப் போனால் மரத்துக்குப் புண், சீவினவளுக்கு ஏச்சு. கோட்டில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்தல், மங்கைத் துடைத்து வைத்தல் ஆகியவை சிறுவர் வேலை. பள்ளிக்கு அனுப்பப்படாத பிள்ளையும், பள்ளிக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் "அம்மாவுக்கு ஒத்தாசை" செய்யும் பிள்ளையும் இருட்டில் விளக்கொளியில் இவ்வேலையைச் செய்தனர். சீவி முடித்துப் பால் வடியும் இடைவேளையில் மரத்தடியில் அமர்ந்து குடும்பமாக உண்டனர். முதியோர் நினைவில் இனிக்கும் காட்சி இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. தந்தை, தாய், மக்கள் ஓரிடத்தில் இருந்தனர் என்பது மெய்யே. எதன் பொருட்டு இருந்தனர் என்பதையும் உடன் சேர்த்தே நினைவு கூரவேண்டும்.

பின்னர்ப் பாலெடுத்து, காண்டா வாளியைத் தோளிற் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து லயத்துக்குத் திரும்பப் பிற்பகல் ஒன்றாகும், இரண்டாகும். ஆடவனுக்கு வேலை அங்கே முடிந்தது. மாலையில் அவனுக்குக் கள்ளுக்கடை இருந்தது. அக்கடைக்கு உரிமம் வழங்கி வருவாய் கண்டவர்கள் அதனைத் தொழிலாளர் நலனுக்கென்றே நடத்துவதாகக் கூறிக்கொண்டனர். பெண்ணுக்கோ தண்ணீர்க் குழாய், விறகு, துவையல், ஆட்டுக்கல், அடுப்பு, மாட்டுக்குப் புல், கணவன் திரும்பும்போது எந்நிலையில் திரும்புவானோ என்ற அச்சம் எனப் பின்னேரம் முழுதும் வேலை தொடர்ந்தது. இவ்விரண்டாம் வேலைக்குப் பெரட்டு மணி இல்லை. ஆகையால் செக்ரோலில் இடமும் இல்லை. பழைய செக்ரோலைப் புரட்டுவோர்க்கு அவள் நண்பகலில் மறைந்து மறுநாட் காலையில் மீண்டும் தோன்றுகிறாள். நடுவில் அவள் என் செய்தாள் என்பது எழுதுவோர்க்கு வேண்டாத செய்தி.

கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்றிருந்ததையும் சொல்லவேண்டும். தன் கீழ் உள்ள ஆள் ஒருவர் வேலைக்கு வரும் நாளொன்றுக்கு இரண்டு காசு அவனுக்குக் கிடைக்கும். வராத நாளுக்கு இல்லை. பிள்ளை பெற்ற பெண் இன்னும் ஒருவாரம் படுத்திருந்தால் கங்காணிக்கு அவ்வளவு நட்டம். அவ்வீட்டு வாயிலில் நின்று அவன் என்ன பேசியிருப்பான் என்பதை ஊகிக்கப் பேரறிவு வேண்டுவதில்லை.

சட்டம் வரவேயில்லையா எனில், வந்தது. 1919-இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு எட்டு மணி வேலையையும் பேறுகாலப் பாதுகாப்பையும் குறித்து உடன்படிக்கைகள் இயற்றியது. இந்திய அரசாங்கம் 1922-இல் குடிபெயர்வோர் சட்டம் ஒன்று நிறைவேற்றிற்று. அதன் பின் கோலாலம்பூரில் இந்திய அரசாங்க ஏஜெண்டு ஒருவர் அமர்ந்தார். 1923-இல் இந்நாட்டில் தொழிற்சட்டம் திருத்தியமைக்கப்பட்டது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டம் ஒரு பள்ளி வைக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் நிபந்தனை. பள்ளி வைக்கப்பட்டது. எத்தனையோ இடங்களில் ஆசிரியர் யார்? கங்காணி, அல்லது நம் போன்ற கிராணி. வகுப்பு நடந்த இடம் யாது? காலையில் குழந்தைகள் உறங்கிய அதே கொட்டகை. இருந்தும், அக்கொட்டகைகளின் வித்திலிருந்து முளைத்தவையே இன்று நெகிரி செம்பிலானில் நிற்கும் தமிழ்ப் பள்ளிகளிற் பெரும்பாலானவை. எனவே அவற்றை இழித்துரைக்கவும் நமக்கு மனம் வரவில்லை.

கூலியோ, 1920-களின் பிற்பகுதியில் ஆடவனுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுக்கப்பட்டிருந்தது. மரம் ஒன்றுதான், உளி ஒன்றுதான், நிரையும் ஒன்றுதான். சீவும் கை பெண்ணின் கையாயின் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அந்த நாற்பதையும் அவள் கையிற் கொடாது கணவன் கையிற் கொடுத்த வழக்கம் பல இடங்களில் இருந்தது.

இத்தனைக்கும் இது நடந்த நாடு எது? வேலிக்கு அப்பால், ரெம்பாவிலும் கோலப்பிலாவிலும், மினாங்கபாவ் மரபினரான மலாய் மக்கள் அடாட் பெர்பத்தே என்னும் வழக்கத்தின்படி, பரம்பரை நிலத்தைத் தாயிடமிருந்து மகளுக்கு வழங்கி வந்தனர். பிரிட்டிஷார் 1909-இல் அதற்கென ஒரு சட்டமே இயற்றி, அந்நிலங்களைப் பெண்கள் பெயரில் பதிந்தனர். மணந்த ஆடவன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வான். அவ்வயலில் அவள் நாற்று நடும்போது தன் நிலத்தில் நட்டாள். நம் பெண்ணோ ஒரு காதம் தள்ளி அயலான் மரத்தைச் சீவி, அயலான் அறையில் படுத்தாள். அவள் வேலையை விட்டால் அறையையும் விடவேண்டும். இரண்டு தாய்மாரும் ஒரே சந்தையில் மீன் வாங்கியிருப்பர். இவ்வளவு அண்மையில் இருந்த வழக்கத்திலிருந்து நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. மாறாக, கடல் கடந்து கொண்டுவந்த சாதியையும் ஆண்தலைமையையும் கட்டுச்சோறுபோல் அவிழ்க்காமலே வைத்திருந்தோம்.

அதனை அவிழ்த்துக் கொட்டச் சொன்னவர் பெரியார். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்தார். சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்ததும், 1935-இல் கோ. சாரங்கபாணியார் தமிழ் முரசைத் தொடங்கியதும் அந்த அலையின் விளைவுகள். கள்ளுக்கடையை மூடு, பெண்ணைப் படிக்கவை, சாதி பாராமல் மணஞ்செய் என்ற குரல் லயத்து வாயில்வரை வந்தது. ஆனால் அதே வேளையில் உலகப் பொருளாதார மந்தமும் வந்தது. ரப்பர் விலை சரிந்தது, கூலி சரிந்தது, பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1938-இல் கூலிக் குறைப்பை முன்னிட்டு இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவிச் செலவில் அனுப்புவதையே தடுத்துவிட்டது. அதன் பின்னர்த் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமாயின், அந்த ஆள் லயத்திலேதான் பிறக்கவேண்டும்.

1941-இல் கிள்ளான் பகுதித் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவற்றுள் கூலியுயர்வு மட்டும் இல்லை. தங்கள் பெண்டிரிடம் வெள்ளைத் துரைமாரும் "கறுப்புத் துரைமாரும்" முறைகேடாக நடத்தலை நிறுத்தவேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற கட்டளை ஒழியவேண்டும் என்பனவும் இருந்தன. இவற்றை நாம் படிக்கும்போதெல்லாம் "கறுப்புத் துரை" என்ற சொல்லில் நம் கண் நின்றுவிடுகிறது. அது நம் தொழில் முன்னோரைக் குறிப்பது. ஒரு குடும்பத்தின் மானமும் அக்குடும்பத்தின் வேலையும் ஒரே கையில் சிக்கியிருந்ததை அவ்வேலை நிறுத்தம் வெட்டவெளிச்சமாக்கிற்று. துப்பாக்கி பேசிற்று, உயிர்கள் போயின, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

ஜப்பானியர் காலத்தைப் பற்றி விரிக்கின் பெருகும். சயாம்–பர்மா இரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிச் செல்லப்பட்ட தமிழ் ஆடவர் பல்லாயிரவர் மீளவில்லை. லயங்களில் எஞ்சியோர் பெண்டிரும் பிள்ளைகளும். ரப்பருக்கு விலையில்லை, அரிசியும் இல்லை. மரவள்ளி நட்டு, கிழங்கு தின்று, குடும்பத் தலைவி என்ற சொல்லை எவரும் உரையாமலே அவர்கள் தலைவிகளாயினர். அக்காலத்தேதான் 1943-இல் ஜான்சி ராணிப் படை திரட்டப்பட்டபோது, தோட்டத்துப் பெண்களும் கால்சட்டை யணிந்து துப்பாக்கி ஏந்தினர். போர் முடிந்தது, உளியும் அடுப்பும் அவர்களுக்காகக் காத்திருந்தன.

போருக்குப்பின் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளரிடையே சங்கப் பணியாற்றி வளர்ந்தவர் பி. பி. நாராயணன், 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாக அவரே முன்னின்றார். அதற்கு இடைப்பட்ட காலம் அவசரகாலம். 1948 முதல் 1960 வரை நீடித்த அக்காலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காட்டிலிருந்த ஆயுததாரிகளுக்கு உணவு சேரக்கூடாது என்பதற்காக, பல பகுதிகளில் வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிச் செல்வது தடை செய்யப்பட்டது. மரத்தடியில் குடும்பமாக உண்ட காட்சி அன்றே குலைந்தது என்பதை, அக்காட்சியை எண்ணி ஏங்குவோர் ஏனோ மறந்துவிட்டனர். 1955-இல் வந்த வேலைச் சட்டம் பேறுகாலத்துக்கு 60 நாள் விடுப்பை உறுதி செய்தது.

இங்கே நம் சொந்த வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறாவிடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. நாம் கிராணி மகன். கிராணி குவார்ட்டர்ஸ் லயத்தினின்றும் சற்று மேட்டில் இருக்கும். அங்கே தாய்மார் வேலைக்குப் போவதில்லை. போவது குறைவு என்று கருதினர். நம் அன்னையார் எந்நேரமும் வீட்டிலிருந்தார்; நாம் பள்ளியினின்று திரும்பும்போது சூடான சோறிருந்தது. இதுவே உண்மைக் குடும்பம், லயத்தார்க்கு இது வாய்க்கவில்லை என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அந்தச் சூடான சோற்றுக்கு வேண்டிய பாத்திரத்தைத் துலக்கியவர் யார்? நம் பள்ளிச் சீருடையைத் துவைத்தவர் யார்? காலை முழுதும் மரம் சீவிவிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு மேட்டில் ஏறிவந்த லயத்துப் பெண் ஒருவர். அவர் துவைத்து முடிக்கும்வரை அவருடைய கடைசிப் பிள்ளை எங்கள் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருக்கும். உள்ளே வா என்று எவரும் அழைத்ததாக நினைவில்லை; நாமும் அழைக்கவில்லை. எங்கள் வீட்டின் குடும்ப அமைதி, அவர் வீட்டுப் பிற்பகலிலிருந்து கடனாகப் பெற்றது. அக்கடன் எந்தக் கணக்கேட்டிலும் பற்று எழுதப்படவில்லை.

அவ்வம்மையாரின் மூத்த மகள் ரப்பரைத் தொடவில்லை. 1970-களுக்குப் பின் இந்நாட்டில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகின. சிரம்பானை யடுத்த செனவாங்கிலும், பின்னர்த் துவாங்கு ஜாபர் தொழிற்பேட்டையிலும் மின்னணுப் பொருள்கள் செய்யலாயினர். தொழிற்சாலைப் பேருந்து தோட்டத்து முச்சந்திவரை வந்து பெண்களை ஏற்றிச் சென்றது. அங்கே கடிகாரத்தை வைத்தது மரமும் இல்லை, சூரியனும் இல்லை. ஒருவாரம் பகல், ஒருவாரம் இரவு. சம்பளம் முதன்முறையாக அவள் பெயரில், அவள் கையில் வந்தது. இதனால் விளைந்த விடுதலையை முதியோர் ஒப்புவதேயில்லை. "இரவில் பெண் வெளியே போவதா" என்பதோடு நின்றுவிட்டனர். அவள் தாயார் விடியற்காலை நான்கு மணி இருட்டில் நாற்பதாண்டு வெளியே போனதை அவர்கள் இரவு என்று கணக்கிடவில்லை போலும்.

தோட்டத்திலேயே நின்ற பெண்களின் நிலை வேறாயிற்று. ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டனர். குலை வெட்டுதல் ஆடவர் வேலையாயிற்று. பெண்டிர்க்கு உதிரிப்பழம் பொறுக்குதல், உரம் போடுதல், மருந்தடித்தல். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை முதுகிற் சுமந்து தெளித்த பெண்களின் நகமும் மூக்கும் கண்ணும் பட்ட பாட்டை, தெனகானித்தா அமைப்பு 2002-இல் நூலாகவே வெளியிட்டது. அந்நஞ்சு இந்நாட்டில் தடை செய்யப்பட்டது 2020-இல். அம்மருந்து படிந்த கைகளால் மாலையில் பிள்ளைக்குச் சோறூட்டினர்; வேலையைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவது அவர்களால் இயலவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? பின்னர் நீலாய், செண்டாயான் பக்கங்களில் தோட்டங்களே வீட்டுமனைகளாயின. லயம் இடிந்தது, உடன் ஆயாக் கொட்டகையும் இடிந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, குறைந்த கட்டண அடுக்குவீட்டின் நான்காம் மாடியில் ஒரு பாட்டியின் தலையில் வந்து விழுந்தது.

2023-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், பேறுகால விடுப்பை 98 நாளாக்கிற்று. வார வேலை நேரத்தை 48 மணியினின்றும் 45 ஆகக் குறைத்தது. மணமான தந்தைக்கும் ஏழு நாள் விடுப்பு அளித்தது. இத்திருத்தம் வந்தபின் நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில் அவ்விடுப்பைக் கேட்டு முதன்முதல் ஓர் இளைஞன் வந்தான். "பெற்றவள் நீயா, அவளா?" என்றார் ஒருவர். அலுவலகமே நகைத்தது, நகைத்தோருள் நாமும் ஒருவர். அவன் முகம் சிவந்து நின்றானேயன்றித் தாளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இந்நூறாண்டு வரலாற்றில் வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே அல்லற்பட்டோர் பட்டியலில் ஆடவன் ஒருவன் தானாகவே வந்து தன் பேரைக் கொடுத்த முதல் நிகழ்ச்சி அதுவென்று பின்னரே நமக்குப் பட்டது. அவனிடம் நாம் மன்னிப்புக் கேட்டது மறுநாள்.

பெண்கள் குடும்பத்தைக் கைவிட்டனர் என்று கூறும் நண்பர்கள், இன்று தோட்டத்திலேயே நடக்கும் ஒன்றைக் காண்பதில்லை. இப்போது எண்ணெய்ப்பனைக் குலையை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளியர். அவர்களுக்கு வழங்கப்படும் தற்காலிக வேலை அனுமதியின்படி அவர்கள் மனைவி மக்களை உடன் கொண்டுவருதல் கூடாது; இங்கே மணம் புரிதலும் கூடாது. 1911-இன் குடிக்கணக்கு மீண்டும் எழுதப்படுகிறது. ஒரு காலத்தில் குடும்பம் இருந்தால் ஆள் ஓடமாட்டான் என்று கணக்கிட்ட தொழில், இப்போது குடும்பம் இருந்தால் ஆள் தங்கிவிடுவான் என்று கணக்கிடுகிறது. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைக் கொடுக்கும்போது, அவர்களிற் சிலர் கைப்பேசியில் தம் பிள்ளைகளின் முகத்தை நமக்குக் காட்டுவதுண்டு. ஒருவன் காட்டிய குழந்தைக்கு வயது மூன்று. அவன் இங்கு வந்து மூன்றரை ஆண்டு.

நம் வீட்டில் துவைத்துக் கொடுத்த அந்த அம்மையாரைச் சென்ற மாதம் சிரம்பானில் கண்டோம். எழுபத்தைந்து வயதிருக்கும். மகள் தொழிற்சாலையினின்றும் ஓய்வு பெறும் தறுவாயில் உள்ளார். பேத்தி ஒரு மருத்துவமனையில் தாதி. பேத்தியின் குழந்தையைப் பார்ப்பவர் இவரே. இக்காலத்துப் பெண்களைப் பற்றி முதியோர் கூறுவதை அவரிடம் சொல்லி, அவர் கருத்து யாதெனக் கேட்டோம்.

"தம்பி, எம்புள்ளைங்கள நான் எங்க வளர்த்தேன்? ஆயாக் கொட்டகையில கெழவி வளர்த்தா. இப்ப நான் அந்தக் கெழவி" என்று கூறி நகைத்தார். பின்னர், "உங்க வீட்டுப் பின்கட்டுப் படியில ஒக்காந்திருப்பானே, அவன் இப்ப லாரி ஓட்டுறான், அவம்புள்ளையையும் ஞாயித்துக்கிழமை நாந்தான் பாக்குறேன்" என்றார். அந்தப் படியை அவர் மறக்கவில்லை என்பதை அறிந்து நாம் வாளாவிருந்தோம்.

பேத்தி காலை ஆறு மணிக்குக் குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறாள். அவ்வடுக்குவீட்டில் பெரட்டு மணி இல்லை. ஆயினும் நான்கரைக்கே விழிப்பு வந்துவிடுகிறதாம். எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, இரும்புக் கம்பியில் தொங்கும் துணித்தொட்டிலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.